படத்துக்குக் கீழே யார் பெயர்? நிக் ஊட் விவகாரமும் நம் ஊட்டிப் பழைய படங்களும்

கோத்தகிரி_ரோல்ஃபிலிம்:

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 19 வருகிறது. டாகேரின் படமெடுக்கும் முறையை 1839-இல் பாரிஸில் வெளிப்படையாக அறிவித்த நாள் அது, அதனால்தான் உலகப் புகைப்பட நாள். இந்தத் தடவை கோத்தகிரியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைக்கிறோம். ஒரு சுவரில் 1860-களிலிருந்து 1900 வரையிலான நீலகிரிப் படங்களின் பிரதிகள். எதிர்ச்சுவரில், இன்றைக்குப் புகைப்பட உலகில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் செய்தி நறுக்குகள்.

படங்களைத் தேர்ந்தெடுத்தாயிற்று. பிரின்ட்டுக்கும் சொல்லியாயிற்று. சண்டை வந்தது படத்துக்குக் கீழே ஒட்டும் சீட்டில்.

செய்திச் சுவரில் முதல் இடம் நிக் ஊட் விவகாரத்துக்கு. 1972 ஜூன் 8, வியட்நாமின் டிராங் பாங் அருகே நாபாம் குண்டில் உடை எரிந்து ஓடிவரும் ஒன்பது வயதுச் சிறுமி கிம் ஃபுக். அந்தப் படத்தை எடுத்தவர் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் நிக் ஊட் என்றுதான் உலகமே படித்து வந்தது. 1973-இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. 2025 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் திரையிட்ட ஓர் ஆவணப்படம், அதை எடுத்தவர் நுயென் தான் நே என்ற பகுதிநேரப் படக்காரர் என்றது. ஏ.பி. தனியாக விசாரித்து, பெயரை மாற்றும் அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று நிக் ஊட் பெயரையே வைத்துக்கொண்டது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்போ 2025 மே மாதம் அந்தப் படத்துக்கு ‘எடுத்தவர்’ என்று யார் பெயரும் போடுவதை நிறுத்தி வைத்துவிட்டது. நான்தான் எடுத்தேன் என்பதில் நிக் ஊட் உறுதியாக இருக்கிறார்.

அதை ஒட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் நம் படங்கள். “தோடர் ஆண்”. “தோடர் பெண்”. “கோத்தர் இசைக்காரர்கள்”. “படுகர் கூட்டம்”. எடுத்தவர் பெயர் பாதிப் படத்தில் சந்தேகம், நிற்பவர் பெயர் ஒரு படத்தில்கூட இல்லை. சீட்டில் என்ன எழுதுவது? எங்களுக்குள் ஒத்துவரவில்லை, உங்களிடம் கேட்கிறேன்.

மசினகுடி_ஜீப்:

ஸ்டூடியோ பேர், வருஷம், இடம். முடிந்தது. இதற்கு ஏன் பஞ்சாயத்து?

லென்ஸ்தாத்தா:

ஸ்டூடியோ பேரைப் போட்டால் முடிந்தது என்று ஜீப் தம்பி சொல்வது சரியாக இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். அங்கேயே சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஊட்டியில் படமெடுத்தவர்களில் நமக்கு முக்கியமானவர் ஏ.டி.டபிள்யூ. பென். 1849-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், பதினாறு பதினேழு வயதில் இந்தியா வந்தார், முதலில் நிக்கலஸ் சகோதரர்களின் நிறுவனத்தில் வேலை. 1875-இல் ஊட்டியில் சொந்த ஸ்டூடியோ. 1924-இல் காலமானது குன்னூரில். அவர் நிக்கலஸ் நிறுவனத்தில் இருந்த பத்து வருஷத்துப் படங்களை யார் கணக்கில் எழுதுவது? அந்தக் காலத்தில் அட்டையின் பின்னால் கம்பெனி முத்திரைதான் இருக்கும், விரல் யாருடையது என்று எழுதும் வழக்கம் கிடையாது. கடை கைமாறினால் கண்ணாடி நெகட்டிவும் சேர்ந்து கைமாறும். பழைய நெகட்டிவிலிருந்து புது முதலாளி பிரின்ட் போட்டுத் தன் முத்திரையோடு விற்பார். அதில் திருட்டு எதுவும் இல்லை, வியாபார முறையே அப்படி.

சாமுவேல் போர்ன் விஷயத்தில் இந்தத் தொல்லை குறைவு. 1863-இல் இந்தியா வந்து 1870-இல் திரும்பிப் போனவர், 1860-களின் கடைசியில் நீலகிரியிலும் படமெடுத்தார். நெகட்டிவிலேயே எண்ணும் பெயரும் கீறி வைக்கும் ஆள். கணக்கில் கெட்டி.

இன்னொன்று. அன்றைய படம் ஒரு ஆள் வேலை கிடையாது. ஈரத்தட்டு முறை என்றால் கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். அப்படியென்றால் இருட்டுக் கூடாரம், மருந்துப் பெட்டி, கண்ணாடிப் பெட்டி, குடம் குடமாகத் தண்ணீர் எல்லாம் மலையேற வேண்டும். தூக்கியது யார்? தட்டைப் பூசிக் கொடுத்தது யார்? வெள்ளி நைட்ரேட் பட்டால் விரல் கறுத்துப் போகும், வாரக்கணக்கில் போகாது. அப்படிக் கறுத்த விரல்களில் எத்தனை நம் ஆட்களுடையவையோ.

தும்மனட்டி_அக்கா:

ஐயா சொல்வதெல்லாம் கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் கதை. நான் முன்னால் நின்றவர்கள் பக்கம் வருகிறேன்.

ஒரு ஓட்டல் வரவேற்பறையில் பெரிதாக மாட்டியிருந்த பழைய படம் ஒன்று, தலையில் துணி கட்டி, நெற்றியில் பச்சை குத்தியிருந்த ஒரு அம்மா. கீழே “படுகப் பெண்” என்று போட்டிருந்தது. நான் படுகப் பெண். என் அத்தை படுகப் பெண். இந்த மலையில் பாதிப் பேர் படுகப் பெண்கள். அந்த அம்மா யார் என்பதற்கு அது பதிலா? பக்கத்துச் சுவரில் ஒரு கவர்னர் படம், அவருக்கு மட்டும் பெயர், பட்டம், பதவிக்காலம் எல்லாம் உண்டு.

உலகத்திலும் இதுதான் நடந்தது. அமெரிக்கப் பொருளாதார மந்த காலத்தின் அடையாளம் என்று டோரதியா லாங் 1936-இல் எடுத்த தாயின் படத்தைச் சொல்வார்கள். லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளியே வர 1978 ஆயிற்று. ஸ்டீவ் மெக்கரி 1984-இல் அகதி முகாமில் எடுத்த ஆப்கன் சிறுமியின் முகம் மறு வருஷம் நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகையின் அட்டையில் வந்து உலகமெல்லாம் போயிற்று, ஷர்பத் குலா என்ற பெயர் தெரிந்தது 2002-இல். அவ்வளவு தூரம் எதற்கு? 1984-இல் போபாலில் மண்ணில் புதையும் குழந்தையின் முகம். ரகு ராய் கறுப்பு வெள்ளையில் எடுத்தார், பாப்லோ பார்த்தலோமியூ வண்ணத்தில் எடுத்தார். பார்த்தலோமியூவின் படத்துக்கு அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் விருது. எடுத்தவர்கள் இரண்டு பேரையும் நமக்குத் தெரியும். அந்தக் குழந்தை யார் என்று இன்றுவரை தெரியாது.

போபாலில் பெயர் கேட்கிற நிலையில் யாரும் இல்லை, அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஊட்டி ஸ்டூடியோவில் நிதானமாக உட்கார வைத்து எடுத்தவருக்கு என்ன அவசரம்?

மசினகுடி_ஜீப்:

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அவர்கள் விற்றது சுற்றுலா அட்டை. ஊருக்குப் போகிற துரை “நான் பார்த்த தோடர்” என்று ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வதற்கு. வாங்குகிறவனுக்குப் பெயர் தேவையில்லை, விற்கிறவன் எழுதவில்லை. இன்றைக்கு நாம் போய்க் கேள்வி கேட்டால் என்ன பிரயோஜனம்?

தும்மனட்டி_அக்கா:

கேள்வி பென்னுக்கு இல்லை தம்பி, அவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷம் ஆயிற்று. ஆகஸ்ட்டில் சீட்டு எழுதப்போவது நாம்.

தேயிலை_போய்_காப்பி:

கூடலூர்ப் பக்கம் காப்பித் தோட்டக்காரன். அதனால் புகைப்படக்காரர் சல்காடோவை இழுக்காமல் இருக்க முடியாது. 2025 மே மாதம் 81 வயதில் காலமானார். பிரேசில்காரர், முதலில் பொருளாதாரம் படித்துவிட்டு லண்டனில் உலகக் காப்பி அமைப்பில் வேலை பார்த்தவர், அந்த வேலையை விட்டுவிட்டுக் கேமராவைப் பிடித்தார். செரா பெலாடா தங்கச் சுரங்கம், நம் தன்பாத் நிலக்கரிச் சுரங்கம், எல்லாம் அவர் கண்ணில் பட்டவை. பிறகு சொந்த ஊரில் மொட்டையாய்க் கிடந்த பண்ணையில் மனைவியோடு சேர்ந்து காட்டைத் திரும்ப வளர்த்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரைக் கும்பிடுவேன்.

ஆனால் இதே விஷயத்தில் அவர்மேல் குற்றச்சாட்டு உண்டு. அகதிகளின் உருவப்படங்களில் ஒருவர் பெயரும் போடவில்லை, பிரபலங்களுக்கு மட்டும் பெயர், மற்றவர்கள் தொழிலுக்கும் இனத்துக்கும் மாதிரி என்கிற வழக்கத்துக்கு அவரும் துணை போகிறார் என்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் எழுதினார். சல்காடோவுக்கே இந்தக் கதி. பென்னை மட்டும் தனியாக நிறுத்தி அடிக்காதீர்கள்.

கூடலூர்_கல்யாண_ஸ்டூடியோ:

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் சொல்லவில்லையே. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு ஆசிரியர் படமெடுத்தவர். ஆனால் கூலி கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை கூலி கொடுத்தவருக்கு. சம்பளத்துக்கு இருக்கும் ஆள் வேலையாக எடுத்தால் முதலாளிக்கு. 2012 திருத்தத்துக்குப் பிறகு காலக்கெடு, எடுத்தவரின் ஆயுளோடு 60 ஆண்டு. அந்தக் கணக்கில் பென் படங்கள் எப்போதோ பொதுச்சொத்து, பிரதி போட பயம் வேண்டாம். எந்த அருங்காட்சியகத்தின் ஸ்கேனை எடுத்தீர்களோ அவர்களுடைய நிபந்தனையை மட்டும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

எதிரில் நிற்பவருக்கு இந்தச் சட்டத்தில் ஆசிரியர் என்றோ உரிமையாளர் என்றோ ஒரு மூலைகூடக் கிடையாது.

அப்புறம் எங்கள் தொழிலில் நிக் ஊட் விவகாரம் வாரா வாரம் நடக்கிறது. ஒரே மேடையில் நான், என் உதவிப் பையன், டிரோன் ஓட்டுகிறவர். ஆல்பத்தில் கடை பெயர் மட்டும். நல்ல படம் எல்லாம் அந்தப் பையன் எடுத்தது என்பதை அவன் அம்மாவிடம் மட்டும் சொல்வேன், அவனிடம் சொன்னால் சம்பளம் கேட்பான்.

இந்துநகர்_பிள்ளை:

மேலே எழுதியதைப் படித்துச் சிரித்தேன் சார்.

இத்தனை பேர் பேசினீர்கள், ஊட்டி என்றால் ஃபிலிம் என்று ஒரு காலம் இருந்ததை யாரும் சொல்லவில்லை. படம் பதிவாவதற்கு ஒரு ஃபிலிம் வேண்டும், அந்த ஃபிலிமைச் செய்தவர்கள் எந்தச் சீட்டிலும் வரமாட்டார்கள். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். பிரான்ஸின் போஷே நிறுவனத்தோடு தொழில்நுட்ப ஒப்பந்தம், 1967-இல் உற்பத்தி. தூசியும் வெக்கையும் இல்லாத இடம் வேண்டும் என்றுதான் மலைக்கு வந்தார்கள். ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல், புரோமைடு பேப்பர், சினிமா பாசிட்டிவ், எக்ஸ்ரே ஃபிலிம். உங்கள் தாத்தா பாட்டி கல்யாணப் படம் கறுப்பு வெள்ளை என்றால் அது எங்கள் நகரில் பூசிய ஃபிலிமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

என் அப்பா பூச்சுப் பிரிவு. ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பை ஃபிலிமின்மேல் ஒரே சீராகப் பூசி உலர்த்தும் வேலை. வெளிச்சம் ஒரு பொட்டுப் பட்டாலும் எல்லாம் வீண், அதனால் ஷிஃப்ட் முழுக்க இருட்டு. சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பார்கள், எதிரே ஆள் வந்தால் இடித்துக்கொள்ளாமல் இருக்கக் குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். வீட்டில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி தேடி எடுத்து வருவது அவர்தான், நாங்கள் எல்லாம் எதிலாவது முட்டிக்கொண்டு நிற்போம்.

வண்ண ஃபிலிம் நாட்டைப் பிடித்தபோது நாங்கள் கறுப்பு வெள்ளையில் இருந்தோம். பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்கு என்று பெரிய முதலீடு செய்தார்கள், அது கடனாக ஏறியது. 1991-க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டுச் சரக்கு மலிந்தது, 1990-களின் நடுவில் நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். டிஜிட்டல் வந்து கொன்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். டிஜிட்டல் வந்தது சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கத்தான்.

வேடிக்கை என்னவென்றால் இப்போது உலகத்தில் ஃபிலிம் திரும்பி வருகிறது. 2023 கடைசியில் இங்கிலாந்தின் ஹார்மன் ஃபீனிக்ஸ் என்று புது வண்ண ஃபிலிம் விட்டது. 2024-இல் பென்டாக்ஸ் புத்தம் புதிய ஃபிலிம் கேமராவே விட்டது. சீனாவின் லக்கி 2025-இல் வண்ண ரோலோடு மறுபடி கடைக்கு வந்திருக்கிறது. செய்திச் சுவரில் இதற்கு ஓர் இடம் கொடுங்கள், பக்கத்தில் ஒரு ‘இந்து’ டப்பாவை வையுங்கள். டப்பா நான் தருகிறேன்.

கோத்தகிரி_ரோல்ஃபிலிம்:

கட்டாயம் தாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறோம், பூட்டும் போடுகிறோம்.

டிஜிட்டல்_குன்னூர்:

பழைய படங்களை ஏ.ஐ.யில் போட்டுக் கலர் ஆக்கி, முகத்தை ஷார்ப் பண்ணிப் பெரிதாகப் போடலாமே? பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். செலவும் இல்லை, நானே செய்து தருகிறேன்.

லென்ஸ்தாத்தா:

வேண்டாம் தம்பி, கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஈரத்தட்டுக்குச் சிவப்பு தெரியாது. நீலமும் ஊதாவும்தான் அதன் கண்ணுக்கு வெளிச்சம். வானம் வெள்ளையாய் வெளுத்திருப்பது அதனால்தான். தோடர் போர்வையில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் இருக்கும் அல்லவா, தட்டில் இரண்டும் ஒரே இருட்டு. மனிதத் தோலும் உள்ளதைவிடக் கறுத்துத்தான் விழும், அதைப் பார்த்துத்தான் லண்டனில் இருந்தவர்கள் நம்மைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தார்கள். உன் ஏ.ஐ.க்கு எது சிவப்பு, எது கறுப்பு என்று எப்படித் தெரியும்? அது ஊகித்துப் பூசும். முகத்தைக் கூராக்கு என்றால் அங்கே இல்லாத ஒரு முகத்தை வரைந்து கொடுக்கும். பெயர் தெரியாத மனிதருக்கு முகத்தையும் மாற்றிவிட்டால் மிச்சம் என்ன?

டிஜிட்டல்_குன்னூர்:

சரி ஐயா, கலர் யோசனையை விட்டுவிடுகிறேன். ஆனால் ஏ.ஐ. இல்லாமல் இன்றைய செய்திச் சுவர் முழுமையாகாது. 2023-இல் போரிஸ் எல்டாக்சன் சோனி போட்டியில் ஏ.ஐ. படத்தை அனுப்பி, ஒரு பிரிவில் ஜெயித்து, பரிசை மறுத்தார். மறு வருஷம் வேறொரு போட்டியில் மைல்ஸ் ஆஸ்ட்ரே தலைகீழாகச் செய்தார். தலை தெரியாதபடி குனிந்து நிற்கும் பூநாரையின் நிஜப் படத்தை ஏ.ஐ. பிரிவுக்கு அனுப்பிப் பரிசு வாங்கி, பிறகு உண்மையைச் சொன்னதும் தகுதி நீக்கினார்கள். லைக்கா 2023-இல் விட்ட எம்11-பி கேமரா, யார் எப்போது எடுத்தது என்ற சான்றைப் படத்துக்குள்ளேயே முத்திரை போட்டுக் கொடுக்கிறது. இது அன்றே இருந்திருந்தால் பென்னா நிக்கலஸா என்ற குழப்பமும் இல்லை, நிக் ஊட் சண்டையும் இல்லை.

தும்மனட்டி_அக்கா:

அந்த முத்திரையிலும் எடுத்தவர் பெயர்தானே?

டிஜிட்டல்_குன்னூர்:

ஆமாம் அக்கா. எதிரில் நிற்பவருக்கு ஒரு கட்டம் இருந்தாலும் யாராவது கேட்டு எழுதினால்தான் உண்டு.

கோடை_வானம்:

பழனி மலையிலிருந்து ஒரு குரல். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் வந்தது. 1904 முதல் மேகம் விடுகிற நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்திருக்கிறார்கள், கண்ணாடித் தட்டில் ஆரம்பித்து ஃபிலிமுக்கு வந்து, இப்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஆராய்ச்சிக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஒரே ஆளை விடாமல் எடுத்த உருவப்பட வரிசை இது. சூரியப்புள்ளியில் வாயு ஓட்டத்தை 1909-இல் இங்கே கண்டவர் எவர்ஷெட், அந்த விளைவுக்கே அவர் பெயர். தினமும் காலையில் மூடியைத் திறந்து தட்டைப் போட்டு எடுத்தவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள், கோடையிலேயே எத்தனை பேர் சொல்வார்கள்?

சூரியனுக்குச் சீட்டுத் தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். இதையும் ஒரு பலகையில் சேர்க்க முடியுமா?

கோத்தகிரி_ரோல்ஃபிலிம்:

நீலகிரி என்று தலைப்பு வைத்துவிட்டோமே. பார்க்கிறேன்.

மசினகுடி_ஜீப்:

நான் எதிர்க்கட்சியிலேயே இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் பிழைப்பு சஃபாரி ஜீப். வருகிற போட்டோக்காரர்களுக்குப் புலி இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது? முன்னால் உட்கார்ந்திருக்கும் இருளரோ குறும்பரோ கால்தடம் பார்த்து, மான் கத்துவதைக் கேட்டு, “நிறுத்து” என்பார். வண்டி நிற்கும், எஞ்சினை அணைப்பேன், இவர் கிளிக் பண்ணுவார். படம் போட்டிக்குப் போகும். கீழே லென்ஸ் பெயர், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. எல்லாம் வரும். “நிறுத்து” என்றவர் பெயர் வராது. அதை எத்தனையோ தடவை பார்த்துப் பழகிவிட்டதால்தான் முதலில் அப்படி எழுதினேன்.

2025 வனவிலங்குப் புகைப்படக்காரர் விருது வாங்கியது, நமீபியாவில் கைவிடப்பட்ட சுரங்க ஊரில் நிற்கும் பழுப்புக் கழுதைப்புலி. எடுத்தவர் விம் வான் டென் ஹீவர். கேமராவை வைத்துவிட்டு வந்தார், கழுதைப்புலி தானே வந்து எடுத்துக்கொண்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த இடத்தில் கேமராவை வைக்கத் தெரிவதுதான் வித்தை. ஆனால் எங்கள் காட்டில் கேமராவை எங்கே வைக்கலாம் என்று காட்டிக்கொடுப்பவர் எப்போதும் உள்ளூர்க்காரர்தான்.

லென்ஸ்தாத்தா:

இப்போது சொன்னது பேச்சு.

முதுமலை என்றதும் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் போகக் கூடாது. 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்று செய்துகொண்டு அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். பழக்கிய யானையின் முதுகில் உட்கார்ந்து காட்டு யானைகளை எடுப்பார். யானை யானையை நெருங்க விடும் என்ற கணக்கு. அந்த யானையை நிற்க வைத்து, நகர்த்தி, மூச்சுக் காட்டாமல் வைத்திருந்த பாகன் இல்லாமல் அந்தப் படங்கள் கிடையாது. கிருஷ்ணனை எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் அவர் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பாகன் நினைவு வந்து தொந்தரவு செய்கிறது.

தேயிலை_போய்_காப்பி:

காலம் கொஞ்சம் மாறியும் இருக்கிறது. ஊட்டிப் பெண் கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்த தெப்பக்காட்டு யானைக்குட்டி ஆவணப்படத்துக்கு 2023-இல் ஆஸ்கர் வந்தபோது குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி என்ற பெயர்கள் உலகம் முழுக்கப் போயின. ரகு, அம்மு என்று குட்டிகளுக்கும் பெயர் தெரிந்தது. கிராமத்து மக்களைப் பற்றி எழுதும் பாரி (PARI) இணையதளத்தைப் பாருங்கள், படத்துக்குக் கீழே ஆளின் பெயரும் ஊரும் இருக்கும், எடுத்தவர் பெயர் ஓரத்தில் சின்னதாக இருக்கும். எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது.

தும்மனட்டி_அக்கா:

சரி, காரியத்துக்கு வருவோம். பெயர்களைத் தேட முடியுமா? எடுத்தவர் பக்கம் தேடியிருக்கிறார்கள். பென்னின் கொள்ளுப்பேரன் இங்கிலாந்திலிருந்து ஊட்டிவரை வந்து அலசி, பென்னைப் பற்றியும் நிக்கலஸ் சகோதரர்களைப் பற்றியும் புத்தகமே போட்டுவிட்டார். படத்தில் நிற்பவர்களின் கொள்ளுப்பேரன்கள் இங்கேயே, இதே மலையில் இருக்கிறார்கள். கண்காட்சிக்கே வருவார்கள். காலியாக ஒரு கோடு விட்டு, நூலில் பென்சில் கட்டி வையுங்கள். “இவரைத் தெரிந்தால் எழுதுங்கள்”.

லென்ஸ்தாத்தா:

நல்ல யோசனை. படுகர் படங்களுக்குச் சரியாக வரும். தோடர் படங்களுக்கு ஒரு நிமிஷம் பொறுங்கள்.

ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் 1902-இல் இங்கே தங்கித் தோடர் குடும்பங்களின் வம்சாவளியை மந்து மந்தாக (மந்து என்றால் தோடர் குடியிருப்பு) பட்டியல் போட்டார், 1906-இல் புத்தகம் வந்தது. பென் காலத்து ஆட்கள் சிலர் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும். அதைப் பிடித்துக்கொண்டு பெயரைப் பொருத்திப் பார்க்க எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் அதே புத்தகத்தில், இறந்தவர் பெயரை உறவினர் வாயால் சொல்வதில் தடை உண்டு என்றும், அதனால் ஒரு குடும்பத்தின் வரிசையை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கினேன் என்றும் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அந்த வழக்கம் எந்த அளவுக்கு என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். கொள்ளுத்தாத்தா பெயரைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுவது மரியாதை என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. முதலில் போய்க் கேளுங்கள்.

மசினகுடி_ஜீப்:

இதுதான் நான் முதலிலேயே சொன்னது. பேசாமல் ஸ்டூடியோ பேரைப் போட்டுவிட்டு…

தும்மனட்டி_அக்கா:

ஜீப் தம்பி!

மசினகுடி_ஜீப்:

சும்மா அக்கா.

கோத்தகிரி_ரோல்ஃபிலிம்:

போய்க் கேட்டுவிட்டு வந்தோம். தெரிந்த ஒருவர் மூலமாக இரண்டு மந்துகளில் பெரியவர்களைப் பார்த்துப் பிரதிகளைக் காட்டினோம். ஒரு படத்தை வைக்க வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்கவில்லை, எடுத்துவிட்டோம். மற்றவற்றில் முகத்தைவிட அவர்கள் அதிக நேரம் பார்த்தது பின்னால் தெரிந்த மலையை. சீகைமரமும் தைலமரமும் இல்லாத வெறும் புல்மேடு. வரம்பின் வளைவை வைத்து இது இன்ன மந்து என்று இரண்டு படங்களில் சொல்லிவிட்டார்கள். ஆள் பெயர் வேண்டாம், மந்தின் பெயரைப் போடுங்கள், அது எங்களுக்குப் போதும் என்றார்கள்.

ஆகவே முடிவு இப்படி. தோடர் படங்களில் மந்து தெரிந்தால் மந்து முதல் வரியில், தெரியாவிட்டால் இடம். படுகர், கோத்தர் படங்களில் முதல் வரி காலிக் கோடு, பென்சில் கட்டி வைக்கிறோம், கோத்தர் ஊரிலும் அதற்கு முன்பு காட்டிக் கேட்டுவிடுவோம். எடுத்தவர் பெயர் இரண்டாம் வரியில், உறுதி இல்லாத இடத்தில் “நிக்கலஸ் அல்லது பென்” என்றே இருக்கும். நிக் ஊட் நறுக்கில் கிம் ஃபுக் பெயர் மேலே, எடுத்தவர் இடத்தில் “விவாதத்தில் உள்ளது”. முதுமலைப் படங்களுக்குத் தடம் பார்த்தவர் பெயரை அவரிடமே கேட்டுப் போட ஜீப் அண்ணன் பொறுப்பு. கோடைச் சூரியனுக்கு வாசல் பக்கம் ஒரு பலகை ஒதுக்கியாயிற்று, தலைப்பு யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மசினகுடி_ஜீப்:

பொறுப்பை ஏற்கிறேன். ஒருத்தர் தன் பெயரோடு நாயின் பெயரையும் போடச் சொல்வார், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கூடலூர்_கல்யாண_ஸ்டூடியோ:

பிரின்ட்டை எல்லாம் லேமினேஷனுக்குக் கொடுத்துவிடவில்லையே? ஆகஸ்ட் மழையில் பேப்பர் சுருளும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சீட்டையும் சேர்த்துப் பிளாஸ்டிக் போட்டால் பென்சில் எழுதாது.

கோத்தகிரி_ரோல்ஃபிலிம்:

நல்லவேளை கேட்டீர்கள், எல்லாமே லேமினேஷனுக்குத்தான் போயிருந்தது. போன் பண்ணி நிறுத்திவிட்டேன். படம் ஃபோம் போர்டில், சீட்டு சாதா அட்டையில். நாலு ஸ்டாண்டு குறைகிறது, உங்கள் கடையில் இருக்குமா?

கூடலூர்_கல்யாண_ஸ்டூடியோ:

இரண்டு உண்டு. பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அன்றைக்கு அவனே படமும் எடுக்கட்டும், ஆல்பத்தில் அவன் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். சம்பளம் பற்றி மட்டும் பேச்சு எடுக்காதீர்கள்.